இளவரசிக்கு வேறு முகம்

சென்னை,
3.2.2025

அன்புள்ள வேணி,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். நலம்தானே?

என் நாவல் படமாகி உங்கள் ஊரிலும் ஓடுகிறதாம். பார்த்தாயா? இளவரசி என்று பெயர் வைத்து யாரை எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். நாவலில் அவள் கணவனை விட்டுப் போவதோடு கதை முடிகிறது. படத்திலோ பங்குனி உத்திரத்தன்று, ஏகாம்பரநாதர் திருக்கல்யாணக் கூட்டத்தில், அவனிடமே திரும்பி வருகிறாள். முடிவை மாற்றலாமா என்று இயக்குநர் கேட்டதும் சரி என்றேன். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த உத்திரத்துக்கு நான் கோயிலுக்கு வருகிறேன். நீயும் வா. நாம் பிரிந்து ஆறு வருஷம் ஆகிறது, போதாதா?

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
சபாபதி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்,
10.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

நலம். சேலை டிசைன் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

படம் பார்த்தேன். பக்கத்து வீட்டு புவனேஸ்வரி இழுத்துக்கொண்டு போனாள். படம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, அந்தப் பொண்ணு அழுதுக்கினே ஓடி வருது, நீ இன்னாடான்னா கல்லு மாதிரி குந்திக்கினு இருக்க?" இப்போது தெருவே "எப்பக்கா அவருகிட்ட திரும்பிப் போற?" என்று கேட்கிறது. முடிவை மாற்றியது நீங்கள், பதில் சொல்வது நானா?

உங்கள் நாவலை எத்தனையோ முறை எடுத்துப் பாதியில் மூடியிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் என் முகம். வீட்டுக்குள் நான் கோபத்தில் சொன்னதை எழுதி நண்பர்களுக்குப் படித்துக் காட்டினீர்கள், அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குத்தான் நான் பெட்டியைத் தூக்கினேன். அதே வார்த்தைகளை அச்சில் எப்படிப் படிப்பது?

இப்போது மறுபடி எடுத்திருக்கிறேன். முடித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கமலவேணி

சென்னை,
15.2.2025

வேணி,

உன் கடிதம் பார்த்து எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! படம் வந்ததிலிருந்து, புத்தகத்தைத் திறந்தால் அந்த நடிகைதான் தெரிகிறாள் என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். வயிறு எரிகிறது. நீயாவது அவளை அழித்துவிட்டுப் படி. அது உன் முகம்.

உத்திரத்துக்குப் பட்டு வேட்டி எடுத்துவிட்டேன். கட்டாயம் வருவாய் என்று தெரியும்.

உன்,
சபாபதி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்,
2.3.2025

அன்புள்ள உங்களுக்கு,

படித்து முடித்தேன். அந்த நடிகையை அழிக்கச் சொன்னீர்கள், அதெல்லாம் முடியாது. மகராசி நன்றாக இருக்கட்டும். இளவரசி வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் முகம்தான் வந்தது. உங்கள் இடத்தில் அந்த மீசைக்கார நடிகர். யார் வீட்டிலோ நடந்த கதை மாதிரி இருந்ததால்தான் என்னால் முழுசாகப் படிக்க முடிந்தது. எத்தனை இடத்தில் சிரித்தேன்! அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

நண்பர்கள் சிரிக்கிற இடம் வந்தது. "கெளம்புடி, இன்னும் இன்னா பாத்துக்கினு நிக்கற?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் படியிறங்கியதும் எனக்கு மூச்சு வந்தது. புத்தகத்தை புவனேஸ்வரிக்கும் கொடுத்தேன். படித்துவிட்டு வந்து, "அவள எதுக்குக்கா படத்துல திரும்பக் கூட்டியாந்தானுங்க?" என்று என்னிடம் சண்டைக்கு நிற்கிறாள்.

உங்களை விட்டு வந்தது சரியா தப்பா என்று இத்தனை வருஷம் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. வேறொருத்தியாக வைத்துப் பார்த்ததும் தெளிந்துவிட்டது. உங்கள் மேல் இருந்த கோபமும் போய்விட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் உத்திரத்துக்கு வரமாட்டேன். எந்த உத்திரத்துக்கும் வரமாட்டேன். நீங்கள் எழுதிய முடிவுதான் சரி. சினிமாவுக்காக அதை விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

இப்போது தெருவில் ஏழெட்டுப் பெண்கள் உங்கள் நாவலைப் படிக்கிறோம். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களோடு பேசுங்கள். சாப்பாடு புவனேஸ்வரி வீட்டில். எல்லோருக்கும் கையெழுத்துப் போடும்போது என் புத்தகத்திலும் போடுங்கள். "அன்பு மனைவிக்கு" என்று எழுதிவிடாதீர்கள். வாசகிக்கு என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
கமலவேணி