நாலாவது மாத்திரை

8 ஜூலை 1996
இவருக்கு மறுபடியும் வலிப்பு. டாக்டர் ராத்திரி மாத்திரையை மூன்றிலிருந்து நாலாக்கிவிட்டார்.

காலேஜில் இன்று நொதிப் பாடம், என்சைம். போர்டில் அதன் வேகத்தைக் காட்டும் கோடு ஒன்று வரைந்தேன். கரைக்கவேண்டிய பொருளைக் கூட்டக் கூட்ட நொதியின் வேலை வேகமெடுக்கும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் வேகம் கூடாது, கோடு படுத்துவிடும். "அப்ப மிச்சம் இருக்கறது என்ன ஆகும் மிஸ்?" என்றாள் முன் பெஞ்சு சிந்து. அப்படியே தேங்கும் என்றேன். கெட்டிக்காரி.

15 ஜூலை
வலிப்பு வரவில்லை. ஸ்தோத்திரம்.

26 ஜூலை
பீன்யா ஃபேக்டரியிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கும்போது தள்ளாடினாராம். பேச்சும் குழறுகிறது. எதிர்வீட்டு மௌரீன் ஆன்ட்டி, "என்னம்மா, உன் வீட்டுக்காரரும் ஆரம்பிச்சுட்டாரா?" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கவயலில் மாமனார் குடித்தே செத்தவர். அந்த வெறுப்பில் இவர் ஒரு சொட்டு தொட்டதில்லை.

1 ஆகஸ்ட்
ஃபேக்டரியில் ஓடிக்கொண்டிருந்த லேத் மெஷின் மேலேயே விழப் போயிருக்கிறார். சூப்பர்வைசர் முனிராஜ் எல்லார் முன்னாலும் வாயை ஊதச் சொன்னானாம். வாசனை இல்லை. "வாசனை எதுக்கு, நடையே சொல்லுதே" என்று வெளியே அனுப்பிவிட்டான். வேலை போச்சு.

"நீயாவது நம்பறியா?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏன்? ஏன் சொல்லவில்லை? சே, நான் எல்லாம் ஒரு பொண்டாட்டி.

5 ஆகஸ்ட்
ரத்தம் சோதித்தார்கள். மருந்து இருக்கவேண்டியதைப்போல இரண்டு பங்கு இருக்கிறது. டாக்டர் சொன்னார்: "ஈரல்ல இருக்கற என்சைம்தாம்மா இதைக் கரைக்கணும். மூணு மாத்திரையிலயே அதுக்குக் கை நிறைஞ்சுபோச்சு. அதுக்கு மேல கொடுத்தது உள்ளேயே சேர்ந்துட்டே வந்திருக்கு."

அந்தக் கோடு — நானே வரைந்த கோடு! படுபாவி, வீட்டுக்குள்ளேயே நடந்தது எனக்குத் தெரியவில்லையே.

19 ஆகஸ்ட்
மாத்திரையைக் குறைத்த பிறகு நேராக நடக்கிறார். டாக்டர் சீட்டோடு இரண்டு பேரும் பீன்யா போனோம். முனிராஜ் கேட்டில் நிற்க வைத்தே பேசினான். "வேற ஆள் போட்டாச்சும்மா." சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

30 செப்டம்பர்
மௌரீன் ஆன்ட்டியிடம் எல்லாம் விளக்கினேன். "சரிம்மா, சரிம்மா" என்றாள். நம்பவில்லை. இவர் சர்ச்சுக்கு வருவதை விட்டுவிட்டார்.

16 நவம்பர்
சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்தார். பதறிப்போய் ஓடிப் பிடித்தேன். மாத்திரை மூன்றுதானே, நான்தானே எடுத்துக் கொடுக்கிறேன் — அப்புறம்தான் வாசனை வந்தது.

"இத்தனை பேர் சொன்னது பொய்யாப் போகக் கூடாதில்ல" என்று சிரித்தார்.

சோறு போட்டேன். சாப்பிடவில்லை.