எஸ்கந்தர் பேசிவிட்டான்

அஹ்வாஸ் போர்முனை

மரியாதைக்குரிய அம்மாவுக்கு, ஃபர்சாத் எழுதுவது. நான் நலம், நம்புங்கள். காஷானில் குளிர் விட்டதா? உங்கள் மூட்டுவலி தேவலையா?

கதவு அடித்துச் சாத்தினாலே திடுக்கிடுகிற பிள்ளை போரில் என்ன செய்வானோ என்று அழுதீர்கள். இங்கும் வெடிச்சத்தம் கேட்டால் கையிலிருக்கும் தேநீரைக் கொட்டிவிடுகிறேன். “முயல் வர்றான், கிளாஸை ஒளிச்சு வைங்கடா” என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். என் கூடாரத்து எஸ்கந்தர் மல்யுத்தக்காரன், எதற்கும் அசராதவன்.

போன வாரம் எங்கள் பக்கம் சில குண்டுகள் விழுந்தன. பெரிதாக ஒன்றுமில்லை. என் உடம்பு வழக்கம்போல் உதறி அடங்கியது. எஸ்கந்தரோ வெட்டவெளியில் சிலைபோல் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டும் திரும்பவில்லை. சட்டையைப் பிடித்துப் பதுங்குகுழிக்குள் இழுத்து வந்தேன். அதன்பின் அவனுக்குப் பேச்சே வரவில்லை. நடிக்கிறான் என்று அதிகாரி கோபப்பட்டார்.

எங்கள் முகாம் டாக்டர் முஹ்தஷம் அவரிடம் சொன்னார்: “இது கோழைத்தனம் இல்லீங்க. ஒவ்வொருத்தர் நரம்பும் ஒவ்வொரு மாதிரி. ஃபர்சாதுக்குப் பயம் உடனே வெளிய வந்து போயிடுது. இவனுக்கு உள்ளயே தங்கிடுச்சு. ஓய்வு கொடுங்க, தேறிடுவான்.”

அம்மா, இத்தனை வருடம் நான் என்னைக் கோழை என்றே நினைத்திருந்தேன்.

நேற்று அவனைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். “சட்டையைக் கிழிச்சிட்டியேடா, முயலே. யாரு தைச்சுக் குடுப்பா?” என்றான் எஸ்கந்தர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

காதில் வைக்கப் பஞ்சும், கெட்டி நூலும் ஊசியும் அனுப்புங்கள். நீங்கள் சமையலறையில் பேசுவதைத் தங்கை ஒரு கேசட்டில் பிடித்து அனுப்பட்டும். என்ன பேசினாலும் சரி. தபால் வண்டி கிளம்புகிறது.

உங்கள் கைகளை முத்தமிடும்,
ஃபர்சாத்