சிவப்புக் கிளிப் இல்லாத தட்டு

அக்டோபர் 8, செவ்வாய்

மூன்று நாளாக ஏரிப் பக்கத்திலிருந்து மழை. வேலைக்கூடத்துக்குள் எல்லாம் நமுத்துப் போயிருக்கிறது, நான் உட்பட.

இருபத்தேழு வருடம் பிஸ்டன் வளையம் செய்த கை இது. ஆலை மூடினபின் இப்போது ‘கொசு’வுக்குச் சேவகம். கஞ்சாச் சுருட்டு இயந்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர்தான்; இங்கே அது சட்டப்படி கடையில் விற்கிற சரக்கு. எழுபத்திரண்டு காகிதக் கூம்புகளில் கஞ்சாத் தூளை நிரப்பித் தட்டோடு உள்ளே தள்ளினால், எழுபத்திரண்டு ஊசி இறங்கி ஒவ்வொன்றின் நடுவிலும் சூடான கஞ்சா எண்ணெயைச் செலுத்தும். குத்தி முடிந்த தட்டில் சிவப்புக் கிளிப் மாட்டுவேன். பிறகு தராசு ஒவ்வொன்றாக நிறுத்து, எடை மிஞ்சினதை வெளியே தள்ளும். தராசடியில் என் மகள் மார்னி. குழாயில் போட்டு மூடி, தாளில் கையெழுத்திடுவாள்.

ஈரத்தூள் கனம். தராசு நல்லதையெல்லாம் துப்பிக்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் பாதி வேலைகூட ஆகவில்லை. கடைசியில் தராசின் எல்லையைத் தளர்த்திவிட்டேன். என் இடுப்புவாருக்கு வருஷா வருஷம் செய்வதுதான். அதற்கு மட்டும் யார் அனுமதி கேட்டார்கள்?

நடுவில் எண்ணெய் இறுகி ஊசி அடைத்து, ஒருமுறை இயந்திரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. சூட்டைக் கூட்டி, ஊசிகளைத் துடைத்து, மறுபடி ஓட்டினேன். மாலைக்குள் கணக்கு சேர்ந்துவிட்டது. மேலாளர் ஹோலிஸ் முதுகில் தட்டினார்.

அக்டோபர் 9

காலையில் முதல் வேலையாகத் தராசைப் பழைய எல்லைக்கே வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் என் மனைவி கொரீன் துணி துவைக்கப் போடும்போது என் சட்டைப் பையில் கைவிட்டு, “இது என்ன, உன் மூளையா?” என்று ஒன்றை எடுத்துக் காட்டினாள். சிவப்புக் கிளிப்.

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. ஊசி துடைக்கும்போது கை வேண்டுமே என்று கிளிப்பைப் பையில் போட்டது ஞாபகம் வந்தது. அப்படியானால் அந்தத் தட்டு? குத்தினதா, குத்தாததா? குத்தினதை மறுபடி உள்ளே தள்ளியிருந்தால் ஒவ்வொன்றிலும் எண்ணெய் இரண்டு பங்கு. தராசு கண்டுபிடித்திருக்கும் — நான் அதை விட்டிருந்தால்.

ஒருவேளை இது உபரிக் கிளிப்பாக இருக்கும்.

அக்டோபர் 14

ஆய்வுக்கூடம் அந்தச் சரக்கைப் பாஸ் செய்துவிட்டது. உபரிக் கிளிப்தான்.

ஆனால் அவர்கள் அத்தனையையும் பார்ப்பதில்லையே. ஏதோ சிலதை எடுத்துத்தானே பார்க்கிறார்கள். அந்தச் சிலது எந்தத் தட்டிலிருந்து? போதும். தூங்கு, டேல்.

அக்டோபர் 23

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. முட்டிவலிக்காக, கடையில் வாங்கி, எப்போதும் போல நாலு இழுப்பு. நெஞ்சு படபடத்து, சமையலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, ஆம்புலன்ஸ். பிழைத்துக்கொண்டார். அவர் கணவர் மிச்சத்தை ஒரு உறையில் போட்டு எங்கள் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார். சோதித்தால் எண்ணெய் இரண்டு பங்கு.

ஹோலிஸ் எங்களை நிற்க வைத்துச் சொன்னார். நான் எல்லோரையும் போலத் தரையைப் பார்த்தேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி.

அக்டோபர் 24

மார்னியைத்தான் கூப்பிட்டார்கள். எடைத்தாளில் இருப்பது அவள் கையெழுத்து.

காரில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கல்யாணம் முறிந்து எங்கள் மாடியறைக்கே திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் எழுந்து போக ஒரு இடம் என்று அவளுக்குக் கிடைத்ததே இதுதான். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். இதில் பெயர் கெட்டால் இந்தத் தொழிலில் வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள்.

“நான்தான்பா சரியாப் பாக்காம விட்டிருக்கேன். அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல தராசு ஒண்ணையுமே துப்பல. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்.”

பாத்துக்கலாம் என்றேன். என்னத்தைப் பார்ப்பது? வாயைத் திறந்தால் முடிந்தது. திறக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் எனக்கு எவன் வேலை தருவான் — இதுதான் உள்ளே ஓடினது. மகள் பக்கத்தில் இருக்கும்போது இதுதான் ஓடினது.

அக்டோபர் 25

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 28

சாப்பாட்டு மேசையில் மார்னி விளக்கக் கடிதம் எழுதினாள். நாளை கொடுக்க வேண்டும். நான் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மசிந்ததை.

“அப்பா, ‘கவனக்குறைவு’ன்னு போட்டா போதுமா? இல்ல ‘அலட்சியம்’னே போடணுமா?”

கவனக்குறைவு போதும் என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. எழுதி வைக்கிறேன், பின்னால் மறுக்க முடியாதபடி.

அவள் மேலே போனதும் கொரீன் தட்டுகளை எடுத்தாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்: “டேல், அந்தக் கிளிப்ப எங்க வெச்ச?”

அக்டோபர் 29

சொல்லிவிட்டேன். மார்னி கடிதத்தோடு போகும் முன்னால் நான் ஹோலிஸின் அறைக்குள் போய்விட்டேன். தராசு, கிளிப், எல்லாம்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “மறுநாளே வந்து சொல்லியிருந்தா ஒண்ணுகூடக் கடைக்குப் போயிருக்காது. அந்த அம்மா அவங்க வீட்டுல சும்மா உக்காந்திருப்பாங்க.” சாவியட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கழற்றும்போது அதன் கழுத்துப் பட்டை காதில் மாட்டிக்கொண்டது. கடைசி நிமிஷத்திலும் நான் நானேதான்.

மார்னி வாகனம் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தாள்.

“எத்தன நாளாத் தெரியும்?”

“இருபது நாளா.”

அவள் மனசுக்குள் எண்ணினது தெரிந்தது.

“நேத்து நான் அத எழுதறப்ப எதிர்லதானேப்பா உக்காந்திருந்தே. வார்த்தை வேற எடுத்துக் குடுத்தே.”

 

நவம்பர் 3

மார்னி, தன்னோடு வேலை செய்கிற ஒருத்தி வீட்டில் தங்கப் போய்விட்டாள். பெட்டியைத் தூக்கப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள். கொரீன் தூக்கினாள்.

நவம்பர் 5

அந்தப் பெண்மணிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று முறை. எல்லாவற்றிலும் என்னைப் பற்றியேதான் இருந்தது. கிழித்தேன்.

நவம்பர் 11

கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப வாங்கி முடித்தார்களாம். கொசுவை மார்னியிடம் கொடுத்துவிட்டார்களாம். கொரீன் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். உனக்கு யார் சொன்னது என்றேன். “எங்கிட்டப் பேசறா” என்றாள்.

நவம்பர் 16, சனி

முதல் பனி விழுந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மார்னியின் கார் வந்து நின்றது. பனியில் வழுக்காமலிருக்கக் குளிர்காலத்தில் மாட்டும் அவளுடைய பனி டயர்கள் எங்கள் கொட்டகையில்தான் இருக்கின்றன. உள்ளே வரவில்லை. நான் ஜாக்கியை எடுத்துப் போனேன். நாலு டயரையும் மாற்றினேன். அவள் டயர்களை உருட்டித் தந்தாள், பழையதை உருட்டிப் போனாள். 

முடித்து எழுந்தேன். ஸ்பானருக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். முதல் சக்கரத்தில் ஆரம்பித்து, நான் முறுக்கின நட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி முறுக்கிப் பார்த்தாள். அவசரமே இல்லை. நான் பனியில் நின்றுகொண்டிருந்தேன்.

இருபது நட்டும் இறுக்கமாகத்தான் இருந்தன. இருந்தாலும் கடைசி நட்டு வரைக்கும் பார்த்தாள். ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டு, “வரேன்” என்றாள்.