முதல் ஆளாக ஒரு வெள்ளைப் புடவை

இன்று காலை ஓட்டுக் கேட்டு ஒருவர் வந்தார். கதவைத் திறந்ததும் அவர் வெள்ளைச் சட்டையிலிருந்து கஞ்சி வாசனை. உன் புடவை வாசனை. அவர் கொடுத்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு, நான் ஆங்கிலம். ஆசிரியர் சங்கச் செயலாளர் பதவிக்கு முதன்முதலாக ஒரு பெண் மனு எழுதினாள், அது நீ. மறுபடியும் நிற்கவிருந்த பழைய செயலாளர் எல்லோர் எதிரிலும் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். நல்ல காரியத்துக்கு முதல் ஆளா வெள்ளைப் புடவை வந்து நின்னா நல்லாவா இருக்கும்?" கணவர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது உனக்கு. மனுவை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாய்.

"போகட்டும் விடு ஸ்டெல்லா, பழகிப்போச்சு" என்றாய் ரயிலில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வீட்டுல கல்யாணப் பொண்ணே வெள்ளைதான் கட்டுறா. உனக்கு மட்டும் என்னடி?" என்று கத்தினேன். குரோம்பேட்டையில் இறங்கும்வரை நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் நூலகத்துத் தடி அகராதியை ஆசிரியர் அறைக்குத் தூக்கி வந்தேன். அந்தச் செயலாளர் சார் வாய்க்கு வாய் சொல்லும் 'கேண்டிடேட்' என்ற சொல்லைப் பிரித்து எல்லோருக்கும் வாசித்தேன். வெண்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். பழைய ரோமாபுரியில் பதவிக்கு நிற்பவர்கள் வெள்ளை உடுத்தித்தான் ஆதரவு கேட்பார்களாம்; வெளுப்பு போதாதென்று சாக்குக்கட்டியை வேறு தேய்த்துக்கொள்வார்களாம்.

"சார், அப்படிப் பாத்தா இங்க ஒரே கேண்டிடேட் இவங்கதான். நீங்க வேணா சாக்பீஸ் தேய்ச்சுக்கிட்டு வாங்க!"

முதலில் சிரித்தது நீதான். சிரித்துக்கொண்டே மனுவை வெளியே எடுத்து, மடிப்புகளைக் கையால் நீவினாய்.

ஓட்டு நாளன்று டீச்சர்கள் அத்தனை பேரும் புடவைத் தலைப்பில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு வந்தோம். தமிழ் ஐயாகூடத் தோளில் ஒரு கோடு இழுத்துக்கொண்டார். அமோகமாக ஜெயித்தாய்! சாரும் கை தட்டினார், வேறு வழி? அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

நீ போன பிறகு உன் மகள் உன் புடவை ஒன்றை எனக்குக் கொடுத்தாள். தேர்தலுக்குத் தேர்தல் அதற்குக் கஞ்சி போடுகிறேன். இப்போதும் கொடியில் காய்கிறது. "கூட்டம் கொறைஞ்சதும் மெதுவா போலாமேம்மா" என்கிறான் என் மகன். முடியாது. ஓட்டுச்சாவடிக் கதவு திறக்குமுன்பே போய்விடுவேன். வரிசையில் முதல் ஆளாக உன் வெள்ளைப் புடவை நிற்கும்.