சுளுக்கு என்று சொன்ன டாக்டர்

அம்மாவுக்கு மகனின் வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? அப்பாவின் இருமல் அடங்கியதா? எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதே என்று பதறாதே. இடது கையால் எழுதுகிறேன்.

போன மாதம் குடோனில் ஒரு பெட்டி சரிந்து என் வலது மணிக்கட்டில் விழுந்தது. கம்பெனி டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கும் வைத்தியத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சாதாரண சுளுக்கு. நாளைக்கே வேலைக்குப் போகலாம்" என்றார்.

"டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன நடிப்பு?" என்றார் சூப்பர்வைசர். ஜாடிக்கேற்ற மூடி.

கை பூசணிக்காயாய் வீங்கியது. பக்கத்து அறை டிரைவர் அண்ணன்தான் என்னை ஓர் எலும்பு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். அந்தம்மா கட்டைவிரலின் அடியில் மெல்ல அழுத்தினார், துள்ளிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"எலும்பு உடைஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பிடிமானமே போயிருக்கும். யாரு இதைச் சுளுக்குன்னு சொன்னது?"

சொன்னேன்.

"ஓ, அவரா" என்றார். அதைக் கேட்டதில் பாதி வலி போய்விட்டது.

மாவுக்கட்டோடு கம்பெனியில் போய் நின்றேன். "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்கிறார் கம்பெனி டாக்டர். வெட்கத்தை மருந்துக்கடையில் விற்பதில்லை போலும்.

இப்போது விடுப்பில் இருக்கிறேன். விரல்கள் நன்றாக அசைகின்றன, கவலை வேண்டாம். தலைவழியாக மாட்டும் தொளதொள பனியன் இரண்டு அனுப்பு. தினமும் அண்ணன்தான், பள்ளிக்கூட நாளில் நீ செய்ததுபோல், சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறார். கழுத்துப் பொத்தானுக்கு வரும்போது, என் முகத்தை அவர் பார்க்க வேண்டாமென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

கீழே ஹார்ன் அடிக்கிறார், டாக்டரம்மாவிடம் போகணும். வரட்டுமா.

உன் மகன்