கமலாக்கா கேட்ட செபம்

சனிக்கிழமை, இரவு

தூக்கம் வரவில்லை. துறைமுக வீதியிலுள்ள எங்கள் தேவாலய மண்டபத்தில் மாதம் ஒருமுறை சைவ, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் கூடிக் கதைக்கிறோம். அங்கே யாரும் செபமோ பிரசங்கமோ செய்யக்கூடாது என்று விதி போட்டதே நான்தான். மதம் மாற்றக் கூப்பிடுகிறோம் என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயம்.

இன்றைய கூட்டத்தில் சைவக்காரரான கமலாக்கா அழுதார். நாளை காலை மகனுக்கு இருதய ஒப்பரேசன்.

"தங்கச்சி, அவனுக்காக ஒருக்கா உங்கட சாமியிட்டக் கேளுங்கோவன்."

"இஞ்ச செபம் பண்ண ஏலாது அக்கா," என்றேன். அப்படியே சொன்னேன்.

பக்கத்தில் இருந்த றஸீனா என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டு கைகளையும் ஏந்தி, சத்தமாகத் துஆக் கேட்டாள். கமலாக்காவும் "ஆமீன்" என்றார்.

இப்போதுதான் முழங்காலில் நின்று செபித்துவிட்டு வந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செபித்தால் கமலாக்காவுக்கு எப்படிக் கேட்கும்?