இரண்டாம் பிரிவு, எய்ட்ஸ் அல்ல

9-3-1987, திங்கள்
டாக்டர் மக்பூல் அகமது புதுப் படிவத்தோடு ஆஸ்பத்திரிப் பதிவறைக்கு, என் டைப் மேஜைக்கு வந்தார். எய்ட்ஸ் கிருமி இருப்பவர்களை இனி நாலு பிரிவாக எழுத வேண்டுமாம். கிருமி புகுந்ததும் வரும் காய்ச்சல் ஒன்று. ஒரு தொந்தரவும் இல்லாதவர் இரண்டு. வெறும் நெறிகட்டு மூன்று. மற்ற நோய்கள் கண்டவர் நாலு. எய்ட்ஸ் அதற்குள்தான் வரும்.
"எல்லாரும் ஒரே மாதிரி எண்ணினாதான் நோய் எங்க பரவுதுன்னு தெரியும், மேரிம்மா."
சரி. தன் மேஜைக் காகிதங்களை எப்போது பிரிப்பாராம்?

17-3
பஞ்சாட்சரம், ஆம்பூர் தோல் கம்பெனி லாரி டிரைவர். தங்கச்சி ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வந்த இடத்தில் கிருமி தெரிந்தது. டாக்டர் ஒரு மணி நேரம் பேசி அனுப்பினார்.
"நான் ரெண்டாவதாம்க்கா. பள்ளிக்கூடத்துல கூட இவ்ளோ மேல வந்ததில்ல."
சிரித்துவிட்டேன். லீவுக்குச் சான்றிதழ் கேட்டார், டைப் அடித்துக் கொடுத்தேன்.

6-4
பஞ்சாட்சரம் வந்து நின்றார். "இன்னாக்கா எழுதி அனுப்பினீங்க? கம்பெனி கேட்லயே நிறுத்திட்டாங்க."
லீவுக்குக் கொடுத்த சான்றிதழின் நகலை எடுத்துப் பார்த்தேன். நோய்: எய்ட்ஸ். நான் டைப் அடிச்சதுதான். பழக்கதோஷம். நோய் பேரே போட்டிருக்கக் கூடாதே! ஊர் முழுக்கப் பிழை பிடிக்கிறவ நான்... அவர் பெண்டாட்டி சந்திராவைக் குழாயடியில் யாரும் சேர்க்கலையாம்.


8-4
டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. "என் கையெழுத்தும் அதுல இருக்கு. வாங்க." இருவரும் ஆம்பூர் பஸ் ஏறினோம்.
மேனேஜர் அதாவுல்லா சாயபு கேட்டார், "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"
"இல்லீங்க. கிருமி இருக்கு, நோய் வரல. தப்பா அடிச்சது நான். அவரு இன்னா பண்ணாரு?"
"பக்கத்துல உக்காந்தா?"
"ஒட்டாது," என்றார் டாக்டர். "ஒரே தட்டுல சாப்ட்டாலும் ஒட்டாது."
சாயபு வெகுநேரம் தாடியைத் தடவினார். "நாளைக்கு வரச் சொல்லுங்க. ஆனா மத்த டிரைவருங்களுக்கு நீங்களே சொல்லிட்டுப் போங்க."
கரும்பலகை இல்லை. டாக்டர் லாரிக் கதவிலேயே சாக்பீஸால் நாலு கட்டம் போட்டார். கோட் கையெல்லாம் செம்மண். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

14-4
சந்திராவுக்குக் கிருமி இல்லை. பஞ்சாட்சரம் அழுதார். அவள் அவரை அதட்டினாள்.

20-4
இனி பதிவேட்டில் பேர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் பெட்டிக்குள், அதன் சாவி என் இடுப்பில்.

12-10
மறுபடியும் புதுப் படிவம்! எய்ட்ஸ் என்றால் என்ன என்பதையே அமெரிக்காவில் மாற்றிவிட்டார்களாம். கிருமியோடு உடம்பு ரொம்ப இளைத்துப் போனாலும் இனி அந்தக் கணக்கில்தான்.
"மார்ச்ல மனப்பாடம் பண்ணதை மறக்கணுமா டாக்டர்?"
எல்லா அட்டையும் பார்த்தேன். பஞ்சாட்சரம் எடை அறுபத்துநாலு, அப்படியே. ரொம்ப இளைத்திருந்த இன்னொருவர் எய்ட்ஸ் கணக்குக்கு மாறினார். நேற்று வரை இல்லாத பேர் இன்று அவருக்கு.

3-2-1988
பஞ்சாட்சரம் வந்தார். கூடவே மேல்விஷாரத்து டிரைவர் ஒருவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. வராந்தா பெஞ்சில் பாடம் நடந்தது.
"கிருமி வேற, நோய் வேற. பயப்படாம டெஸ்டுக்கு ரத்தம் குடு. இங்க பேரு வெளிய போவாது, நான் ஜவாப்தாரி."
படிவத்தோடு போய் நின்றேன்.
"உக்காருங்கக்கா," என்றார். "சொல்லி முடிச்சிட்றேன்."

உட்கார்ந்தேன்.